பீட்டில் கார்: என்ஜினை இறக்காமலே டேப்பெட் கேப் சரிபார்ப்பது எப்படி?

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "அண்ணே, நாலு போல்ட்டுதான். இறக்கிட்டு பாத்துடலாம்." நாலு போல்ட் என்பது உண்மைதான். ஆனால் வண்டியின் பின்னால் இருக்கும் என்ஜின் ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் துருப்பிடித்த ஒரு தகடு வளையும், ஏதாவது ஒரு ரப்பர் கிழியும். நம் புதுச்சேரி உப்புக்காற்றில் இந்த இரண்டும் சீக்கிரம் நடக்கும். கிளட்ச் மாற்றுவது, சிலிண்டரையோ ஹெட்டையோ (வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மூடி) கழற்றுவது போன்ற வேலைகளுக்குத்தான் இறக்க வேண்டும். ஆயில், பிளக், பாயின்ட், ஃபேன் பெல்ட், டேப்பெட் எல்லாம் என்ஜின் வண்டியில் இருக்கும்போதே செய்கிற வேலைகள்.

இதில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது டேப்பெட். வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலின் ஸ்க்ரூவுக்கும், வால்வ் தண்டின் முனைக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளிதான் டேப்பெட் கேப். காரணம், எட்டு வால்வின் கேப்பையும் அளந்து எழுதி வைத்தால், என்ஜினை நிஜமாகவே இறக்க வேண்டிய நாள் எப்போது என்று அதுவே சொல்லிவிடும்.

ஏன் இவ்வளவு முக்கியம்?

எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் (மூடும்போது வால்வ் பதியும் வளையம்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. கேப் இறுகிப்போனால் வால்வ் முழுசாக மூடாது. சூடு இறங்க வழியில்லாமல் விளிம்பு கருகும், கடைசியில் தலை உடைந்து பிஸ்டன் மேல் விழும். கேப் கொஞ்சம் அதிகமாக இருந்தால் டக்டக் என்று சத்தம் வரும், பவர் சற்றுக் குறையும். சத்தம் போடுகிற டேப்பெட்டுக்குப் பயப்படாதீர்கள். நேற்று வரை சத்தம் போட்டது இன்று தானாக அமைதியானால்தான் கவலைப்பட வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 13 எம்எம் ரிங் ஸ்பேனர், அகலமான ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், டேப்பெட் கவருக்கு இரண்டு புது கார்க் கேஸ்கெட், சாக்பீஸ், பனியன் வேஸ்ட், பழைய எண்ணெய் பிடிக்க ஒரு தட்டு. மெக்சிகோவின் பியூப்லாவில் 2003 ஜூலை வரை இந்த வண்டி தயாரானதால் கேஸ்கெட் முதல் வால்வ் வரை இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒழுகும்.

எப்போது செய்வது?

விடியற்காலையில். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் நிறுத்திய வண்டியை மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நின்ற வண்டி ஓடாமலே சூடாக இருக்கும், அந்த அளவை நம்ப முடியாது.

வண்டியைத் தூக்குவது

சிமென்ட் தரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் குறுக்கே போகும் டார்ஷன் பார் குழாயின் இரு முனையிலும் ஸ்டாண்ட் வையுங்கள். என்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் நம்பி அடியில் போகவே கூடாது. பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டால் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம்.

எந்த சிலிண்டர் எங்கே?

இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். வெளிநாட்டுக் கையேடுகளில் "1, 2 சிலிண்டர் பயணி பக்கம்" என்று இருக்கும். அது இடது பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டிக்கு எழுதியது. நம் ஊர் வலது ஸ்டீயரிங் வண்டிக்கு அது டிரைவர் பக்கம். எனவே ஸ்டீயரிங்கை மறந்துவிட்டு, வண்டி போகும் திசையைப் பார்த்து மனதில் வையுங்கள்: வலப்பக்கம் முன்னால் 1, அதன் பின்னால் பம்பரை ஒட்டி 2. இடப்பக்கம் முன்னால் 3, பின்னால் 4. ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு ஓரத்தில் இருப்பவை எக்ஸாஸ்ட், நடுவில் இருக்கும் இரண்டும் இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வ்).

1-ஆம் சிலிண்டரை மேலே கொண்டுவருவது

நான்கு பிளக்கையும் கழற்றிவிடுங்கள், என்ஜின் கையாலேயே சுற்றும். 3-ஆம் பிளக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தடவித்தான் பிடிக்க வேண்டும். திரும்பப் போடும்போது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகி, விரலால் சுற்றி ஏற்றுங்கள். ஹெட் அலுமினியம். மரை ஒருமுறை கோணலாக ஏறினால் அந்த ஹெட்டுக்குத் தனி வேலை வந்துவிடும்.

பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுங்கள். விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு தெரியும், அது 1-ஆம் சிலிண்டரின் இடம். வண்டிக்குப் பின்னால் நின்று, கீழ்ப்புல்லியைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரை அந்த வெட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். புல்லியில் உள்ள டிடிசி குறி (பிஸ்டன் ஹெட்டை ஒட்டி நிற்கும் உச்ச நிலை), என்ஜின் கேஸின் இரு பாதியும் சேரும் நடுக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். சில புல்லிகளில் இருப்பது பற்றவைப்பு நேரத்துக்கான வெட்டு மட்டுமே, அது டிடிசிக்குச் சில டிகிரி முன்னால் இருக்கும். டேப்பெட் வேலைக்கு அந்த வித்தியாசம் பாதகமில்லை. இப்போது குறிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேப் பார்ப்பது

வலப்பக்க டேப்பெட் கவரைப் பிடித்திருக்கும் கம்பியை ஸ்க்ரூ டிரைவரால் கீழ்நோக்கி நெம்பினால் கவர் கையோடு வரும். கொஞ்சம் எண்ணெய் சொட்டும், தட்டு இருக்கட்டும். 1-ஆம் சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் லேசான ஆட்டம் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

1300, 1500, 1600 சிசி என்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.15 எம்எம், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் ஆறு தௌ (ஆயிரத்தில் ஆறு அங்குலம்). பழைய 1200 என்ஜின்களில் சிலவற்றுக்கு வேறு அளவு, அந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனரைத் தொடும் முன்பு, இருக்கிற கேப்பை அளந்து நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவுக்கும் வால்வ் தண்டின் முனைக்கும் நடுவே ஃபில்லர் தகட்டை விட்டு, ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்புங்கள். தகடு வெண்ணெயில் கத்தி இழுக்கிற மாதிரி, ஒரு சின்னப் பிடிப்போடு வர வேண்டும். ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள். நட் இறுகும்போது ஸ்க்ரூ கூடவே ஒரு முடி அளவு திரும்பிவிடும். முதல் தடவையே சரியாக அமையாது, பொறுமையாக இரண்டு மூன்று முறை பாருங்கள்.

வால்வ் தண்டின் முனையில் குழி விழுந்திருந்தால் தகடு அதன் மேலே பாலம் போல நின்றுவிடும். அப்போது உண்மையான கேப், அளந்ததைவிட அதிகம்.

அடுத்த மூன்று

இந்த என்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-4-3-2. அதனால் பின்னோக்கிச் சுற்றினால் 1, 2, 3, 4 என்று வரிசையாக வரும், வண்டியைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை. புல்லியைக் கடிகாரத் திசைக்கு எதிராக அரைச் சுற்று, சாக்பீஸ் கோடு நடுக்கோட்டுக்கு வரும் வரை திருப்புங்கள். இப்போது 2. இன்னொரு அரைச் சுற்று 3, மேலும் ஒன்று 4. ஒவ்வொரு முறையும் ரோட்டர் கால் வட்டம் நகரும். பின்னோக்கிச் சுற்ற ஜெனரேட்டர் புல்லி நட்டில் ஸ்பேனர் போடாதீர்கள், நட் தளர்ந்துவிடும். பிளக் இல்லாததால் கையே போதும்.

கவரை உள்ளே துடைத்து, கேஸ்கெட் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது கார்க் வைத்து, கம்பியை மேலே தள்ளுங்கள். பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, சக்கரம் எல்லாம் போட்டபின் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு, கவரின் கீழ் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் கேஸ்கெட் நகர்ந்திருக்கிறது. அணைத்துவிட்டுத் திரும்ப உட்கார வையுங்கள்.

நோட்டைப் படிப்பது

5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஆயில் மாற்றும்போதே இதையும் செய்துவிடுங்கள். ஆயில் இரண்டரை லிட்டர்தான், தனி ஃபில்டர் கிடையாது, அடியில் சல்லடை மட்டும். எட்டு எண்ணும் சற்றே மாறியிருந்தால் அது சாதாரண தேய்மானம். ஒரே ஒரு எக்ஸாஸ்ட் மட்டும் ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே வந்தால் அந்த வால்வ் நீள்கிறது, அல்லது சீட்டுக்குள் புதைகிறது. 1971 மாடலுக்கு முந்தைய வண்டிகளில் 3-ஆம் சிலிண்டரைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஆயில் கூலர் அதன் காற்று வழியிலேயே நிற்பதால், அதற்கு வருவது ஏற்கெனவே சூடான காற்று.

அப்படி இறுகிய வால்வைச் சரிசெய்துவிட்டு, 1,000 கிலோமீட்டருக்குள் மறுபடி அளந்து பாருங்கள். திரும்பவும் இறுகியிருந்தால் திண்டிவனம் வரைகூட ஓட்ட வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் சொன்ன அந்த நாலு போல்ட்டையும் இப்போது தாராளமாகக் கழற்றலாம். எந்த ஹெட்டைத் திறக்க வேண்டும் என்பதும் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.