ஆபீஸ் கேப்ஸ்யூல் மெஷினில் நம்ம ஊர்க் காபி போடுவது எப்படி?

நான் வேலை பார்ப்பது கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில். பாதிப் பேர் பாபநாசம், திருவிடைமருதூர், ஆடுதுறைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். விடிகாலையில் வீட்டு ஃபில்டரில் இறங்கிய காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள். பதினோரு மணிக்கு அடுத்த காபி கிடைக்காவிட்டால் வேலை ஓடாது. அந்த நேரத்துக்காக ஒரு கேப்ஸ்யூல் மெஷின் வாங்கி வைத்தார்கள். காபித்தூள் அடைத்த சின்ன மூடிய டப்பிதான் கேப்ஸ்யூல், அதை உள்ளே போட்டுப் பட்டனை அழுத்தவேண்டும். முதல் நாள் எங்கள் மூத்த கணக்கர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏம்மா, இதுல டிகாஷன் எங்கம்மா இறங்கும்?”

சரியான கேள்வி அது. இந்த மெஷின் செய்வது டிகாஷன் இறக்குகிற வேலை மட்டும்தான். பால் காய்ச்சுவது, சர்க்கரை போடுவது, ஆற்றுவது எல்லாம் நம் கையில். இது தெரியாமல் பெரிய பட்டனை அழுத்தி, டம்ளர் நிறையக் கறுப்புத் தண்ணீர் பிடித்து, அதன் தலையில் பாலையும் ஊற்றிக் குடித்துப் பார்த்து ஒதுங்கிப் போனவர்கள் எங்கள் ஆபீஸிலேயே நாலு பேர். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் மெஷின் எந்த வகை?

ஒருவருக்கு ஒரு கப் போடும் மெஷின்களில் பல வகை உண்டு. ஒன்றின் கேப்ஸ்யூல் இன்னொன்றில் பொருந்தாது. நெஸ்பிரஸ்ஸோ என்ற ஒரே கம்பெனியிலேயே ஒரிஜினல், வெர்ட்டுவோ என்று இரண்டு வகை இருக்கின்றன. இதற்கு வாங்கியது அதற்கு ஆகாது. அமெரிக்காவில் அதிகம் புழங்கும் க்யூரிக் மெஷினுக்குத் தனியாக கே-கப் என்கிற கேப்ஸ்யூல். அந்தக் கம்பெனி 1998-இல் முதலில் கொண்டுவந்தது ஆபீஸ்களுக்கான மெஷினைத்தான், வீட்டு மெஷின் பிறகுதான் வந்தது. மெஷின் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அப்புறம் கேப்ஸ்யூல் வாங்குங்கள். எங்களிடம் இருப்பது ஒரிஜினல் வகை கேப்ஸ்யூல் போடுகிற சின்ன மெஷின். இனி சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவிலிருந்து மச்சானோ தம்பியோ கொண்டுவந்து கொடுத்த மெஷின் என்றால், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்காமல் பிளக்கில் சொருகாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. கடையில் கிடைக்கும் அடாப்டர் பின்னை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படிச் சொருகிய ஒரு மெஷின் ஒரு கப் கூடப் போடாமல் புகைந்து போனது.

வைக்கும் இடம், ஊற்றும் தண்ணீர்

இந்தச் சின்ன மெஷினே 1200 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதனால் மிக்ஸி போடுகிற சின்ன பிளக் வேண்டாம், அயர்ன் பாக்ஸ் போடுகிற பவர் பிளக்கில் போடுங்கள். கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஆபீஸ் ஓடும்போது மெஷினைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். உங்கள் ஆபீஸ் கெட்டிலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக, விரலால் சுரண்டினால் சொரசொரவென்று ஏடு மாதிரி பெயர்ந்து வருகிறதா? அதே உப்பு இந்த மெஷினுக்குள்ளும் படியும், ஆனால் அங்கே நம் விரல் போகாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேதாரண்யத்துக்குக் குடிதண்ணீரே கொள்ளிடத்திலிருந்துதான் குழாயில் போகிறது. எந்த ஊராக இருந்தாலும் போர்த் தண்ணீரை ஊற்றாமல், குடிக்கிற கேன் தண்ணீரையோ ஃபில்டர் தண்ணீரையோ ஊற்றுங்கள். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

தொட்டியில் தண்ணீர் தவிர வேறெதுவும் போகக்கூடாது. எங்கள் ஆபீஸில் ஒருவர் நேரம் மிச்சமாகட்டும் என்று பாலையே தொட்டியில் ஊற்றிவிட்டார். உள்ளே பால் காய்ந்து பிடித்துக்கொண்டு, திரிந்த வாடை ஒரு வாரம் போகவில்லை. கடைசியில் சர்வீஸுக்கு அனுப்பித்தான் சரியானது.

டிகாஷன் இறக்குவது

மெஷின் புதுசு என்றால், கேப்ஸ்யூல் போடாமல் மூன்று தடவை வெறும் வெந்நீரை ஓட்டிக் கொட்டிவிடுங்கள். அதற்கப்புறம் தினமும் செய்ய வேண்டியது இதுதான்.

சுவிட்சைப் போட்டதும் பட்டன்களில் விளக்கு மினுக்கும். தண்ணீர் சூடாகிறது என்று அர்த்தம். அரை நிமிடம் போல் ஆகும். மினுக்குவது நின்று நிலையாக எரிந்தால் தயார்.

உடனே கேப்ஸ்யூலைப் போடாதீர்கள். டம்ளரைக் குழாய்க்கு அடியில் வைத்து, வெறும் வெந்நீரை ஒருமுறை ஓட்டுங்கள். குழாயில் தங்கியிருந்த பழைய காபியும் கழுவிக்கொண்டு போய்விடும், டம்ளரும் சூடாகிவிடும். 40 மி.லி. டிகாஷன் என்பது கொஞ்சம்தான். ஏசி ரூமில் சில்லிட்டுக் கிடக்கும் எவர்சில்வர் டம்ளரில் விழுந்தால் நொடியில் ஆறிப்போகும்.

அந்த வெந்நீரைக் கொட்டிவிட்டு, மேலே இருக்கும் பிடியைத் தூக்குங்கள். கேப்ஸ்யூலை அதன் பள்ளத்தில் விட்டுப் பிடியை முழுதாக அழுத்தி மூடுங்கள். மூடும்போது லேசாக ஒரு ‘கடக்’ கேட்கும். குறுகலான பக்கத்தை முட்கள் துளைக்கிற சத்தம் அது. அந்த ஓட்டை வழியாக வெந்நீர் உள்ளே போகும், அழுத்தம் தாங்காமல் எதிர்ப்பக்கத்துத் தகடு கிழிந்து டிகாஷன் வெளியே வரும். நம் வீட்டு ஃபில்டரில் தண்ணீர் தன் பாரத்தாலேயே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. இங்கே 19 பார் வரைக்கும் அழுத்தம் கொடுக்கக்கூடிய பம்ப் தள்ளுகிறது. கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார்தான். அதனால்தான் இருபது நிமிடத்து வேலை அரை நிமிடத்தில் முடிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடியைத் தூக்கக்கூடாது என்பதும் இதனால்தான், கொதிநீர் கையில் தெறிக்கும்.

இரண்டு பட்டன் இருக்கும். சின்ன கப் படம் போட்டது 40 மி.லி., பெரிய கப் படம் போட்டது 110 மி.லி. நமக்கு வேண்டியது சின்னது. ஒரு கேப்ஸ்யூலில் இருப்பது 5 கிராம் சொச்சம் தூள். அதற்கு 110 மி.லி. தண்ணீரை விட்டால் கசப்புத்தான் இறங்கும். பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கென்று சில கேப்ஸ்யூல்கள் அந்த அளவுக்காகவே வருகின்றன, அது வேறு.

டிகாஷன் விழுவதைக் கவனியுங்கள். முதலில் கெட்டியாக, கரும்பழுப்பில், எலி வால் மொத்தத்தில் இறங்கும். மேலே பொன்னிறத்தில் நுரை கட்டும். போகப்போக நிறம் வெளுத்துக்கொண்டே வரும். இன்னும் ஸ்ட்ராங்காக வேண்டும் என்பவர்கள், நிறம் வெளுக்கத் தொடங்கியதும் பட்டனை மறுபடி ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். நான் அப்படித்தான் 30 மி.லி.யிலேயே நிறுத்திக்கொள்கிறேன். அதே கேப்ஸ்யூலில் இன்னொரு தடவை ஓட்டாதீர்கள். வீட்டில் இரண்டாம் டிகாஷனை விருந்தாளிக்குக் கொடுப்போமா?

பாலும் ஆற்றலும்

பாதிக் காபி இங்கேதான் இருக்கிறது. கெட்டிலில் பால் காய்ச்சினால் அடிப்பிடிக்கும், அப்புறம் அந்தக் கெட்டில் வேறெதற்கும் ஆகாது. நாங்கள் ஒரு சின்ன இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருக்கிறோம். முடியாதவர்கள் எதிர்க்கடையில் காய்ச்சிய பாலை பிளாஸ்க்கில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். “தண்ணி விடாம குடுங்கண்ணே” என்று சொல்லி வாங்குங்கள். டிகிரி காபிக்கு உயிரே தண்ணீர் கலக்காத பாலில்தான்.

டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன் மேல் டிகாஷன் விழட்டும். பிறகு நன்றாகப் பொங்கிய சூட்டில் பால் 80-இலிருந்து 100 மி.லி. அதற்கு மேல் வேண்டாம். டவராவுக்கும் டம்ளருக்கும் இரண்டே இரண்டு ஆற்று. நுரை வந்ததும் நிறுத்துங்கள், மூன்றாவது ஆற்றில் சூடு போய்விடும். ஆபீஸ் பீங்கான் கப்பில் இதைச் செய்ய முடியாது. மெஷின் வந்த மறுநாளே நான் வீட்டிலிருந்து ஒரு டவரா செட் கொண்டுவந்துவிட்டேன்.

இவ்வளவு செய்தும் சிலருக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அது சிக்கரி. கேப்ஸ்யூலில் பெரும்பாலும் வெறும் காபித்தூள்தான் இருக்கும். எண்பதுக்கு இருபது கலந்த தூளில் பழகிய நாக்குக்கு அந்தக் கெட்டியும் அடர்ந்த நிறமும் கிடைக்காது. இதற்கு நாமே தூள் நிரப்பிக்கொள்ளும் எவர்சில்வர் கேப்ஸ்யூல் கிடைக்கிறது. ஒரு கேப்ஸ்யூல் வாங்கும் காசில் பல கப் தூள் வாங்கலாம் என்பதால் செலவும் குறையும். ஆனால் சிக்கரி தண்ணீர் பட்டதும் குழைந்து வழியை அடைத்துக்கொள்ளும், பம்ப் திணறும். சிக்கரி பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல் தூள் கடையில் கேட்டு வாங்குங்கள். ஃபில்டருக்கு அமுக்குகிற மாதிரி அமுக்காமல், விளிம்பு வரை நிரப்பி லேசாகத் தட்டிச் சமப்படுத்தினால் போதும்.

சுத்தம்

காபி இறங்கியதும் பிடியைத் தூக்கிவிடுங்கள், பழைய கேப்ஸ்யூல் தானாக உள்பெட்டியில் விழுந்துவிடும். அடுத்தவர் வந்து பார்க்கட்டும் என்று உள்ளேயே விட்டுப் போகாதீர்கள். பெட்டி ஐந்தாறு கேப்ஸ்யூலிலேயே நிறைந்துவிடும். அதையும் சொட்டுத் தட்டையும் மாலையில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அலுமினிய உறையைத் தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளே இருக்கும் தூளைத் தட்டி எடுத்தால் செடிக்குப் போடலாம்.

உப்பு நீக்குவதை நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம். அதற்கென்று விற்கும் மருந்தை பாக்கெட்டில் சொன்ன அளவில் தொட்டித் தண்ணீரில் கலந்து, கேப்ஸ்யூல் இல்லாமல் முழுவதும் ஓட்டி, பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் ஓட்டவேண்டும். டிகாஷன் வழக்கத்தைவிட மெதுவாக, சூடு குறைவாக இறங்கினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். வினிகர் ஊற்றச் சொல்வார்கள். ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகலாம் என்பதால் நாங்கள் ஊற்றுவதில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் ஆபீஸைப் பூட்டப் போகிறீர்கள் என்றால், பிளக்கைப் பிடுங்கி, தொட்டித் தண்ணீரைக் கொட்டி, உள்பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். ஈரத் தூள் நாலு நாளில் பூசணம் பூத்துவிடும். திரும்பி வந்த அன்று, முதல் கப்புக்கு முன்னால் இரண்டு தடவை வெறும் வெந்நீர் ஓட்டிக்கொள்ளுங்கள்.