சென்னை – சிங்கப்பூர்: வான்தொலைவையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

ஓர் அறிவியல் கால்குலேட்டரும் இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருந்தால் போதும். ஊரின் மையப்புள்ளியை எடுக்காதீர்கள். டோக்கியோ போன்ற நகரத்துக்கு ஹனேடா, நரிதா என இரண்டு நிலையங்கள் உண்டு. எதில் இறங்குகிறீர்களோ அதன் புள்ளியே வேண்டும்.

சென்னை விமான நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17 பாகை. சிங்கப்பூர் சாங்கி வடக்கு 1.36, கிழக்கு 103.99. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.0053. அடுத்து அவற்றின் கொசைன் மதிப்புகளையும் 23.82-இன் கொசைனையும் பெருக்குங்கள்: 0.8912. கூட்டினால் 0.8965. இதன் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) 26.3 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம், தொலைவு ஏறத்தாழ 2,920 கி.மீ.

விடை தாறுமாறாக வந்தால் முதலில் கால்குலேட்டர் பாகையில் இல்லாமல், கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு பிழை கண்ணில் படாமலே போய்விடும்: 12 பாகை 59 கலையை (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) 12.59 என்று போட்டுவிடுவது. கலையை 60-ஆல் வகுக்க வேண்டும், 12.98 என்பதே சரி. இந்த ஒரு தவறே புள்ளியை 40 கி.மீ.க்கு மேல் தள்ளிவிடும்.

இனி நேரம். விமானம் இந்த நேர்வழியில் அப்படியே போவதில்லை. வகுக்கப்பட்ட வான்பாதைகளில் சென்று, ஓடுபாதையின் திசைக்கேற்பச் சுற்றி இறங்கும். 5 சதவீதம் கூட்டி 3,070 கி.மீ. என்று வைத்து, மணிக்கு 850 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 3 மணி 37 நிமிடம். தரையில் ஊர்ந்து செல்வதற்கும், வேகம் குறைந்த ஏற்ற இறக்கத்துக்கும் 30 முதல் 40 நிமிடம் சேருங்கள். சுமார் நாலேகால் மணி நேரம். டிக்கெட்டில் போடும் பயண நேரமும் இப்படி வாயிலிலிருந்து வாயில் வரையிலானதுதான். வானில் இருப்பது அதைவிடக் குறைவு.

டிக்கெட்டில் உள்ள மணிகள் அந்தந்த ஊர் மணிகள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11.30-க்குக் கிளம்பிக் காலை 6.15-க்கு இறங்கினால் வித்தியாசம் 6 மணி 45 நிமிடம், அதில் 2 மணி 30 நிமிடத்தைக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது கூட்ட வேண்டும்.

பூமத்திய ரேகைக்கு அருகே என்பதால் இந்தத் தடத்தில் காற்று பெரிய வித்தியாசம் செய்யாது. டெல்லி–டோக்கியோவுக்கு இந்தக் கணக்கை அப்படியே போட்டால் ஏமாறுவீர்கள். தொலைவு சுமார் 5,900 கி.மீ. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டம் (உயரத்தில் ஓடும் அதிவேகக் காற்று) சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும். வரும்போது எதிரே நின்று தடுக்கும். திரும்பும் பயணம் ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ நீளலாம். டெல்லியில் இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் போன நேரத்தை அளவாக வைக்காமல், திரும்பும் விமானத்துக்கான நேரத்தையே பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.