சிங்க்குக்கு அடியில் குப்பை அரைக்கும் மெஷின்: மாட்டும் முன் இதைப் பாருங்கள்

போன மாதம் தாழையூத்தில் ஒரு வீடு. பிளம்பிங் தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள், சிங்க்கில் விழும் சாப்பாட்டு மிச்சத்தை அரைத்துத் தண்ணீரோடு பைப்பில் தள்ளுகிற மெஷினை மாட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டி, காசையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றே வாரத்தில் அந்த வீட்டு ஆச்சி எனக்குப் போன் செய்தார். போய்க் குனிந்து பார்த்தால், பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே கூத்து, அச்சு மாறாமல்.

ஓடும்போது கையை விடாதே, ஸ்பூன் விழாமல் பார்த்துக்கொள் என்பதெல்லாம் மெஷினோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

ஓட்டையை அளக்காமல் வாங்குவது

இந்த மெஷின்கள் பெரும்பாலும் 90 மி.மீ., அதாவது மூன்றரை அங்குல ஓட்டைக்கென்று செய்தவை. நம் பக்கத்து வீடுகளில் பெரிய கப்ளிங் (சிங்க் ஓட்டையில் மாட்டும் சல்லடை வாய்) போட்ட, 110 மி.மீ. ஓட்டையுள்ள சிங்க் நிறைய உண்டு. சின்ன ஓட்டையைக்கூட வெட்டிப் பெரிதாக்கலாம், பெரியதை என்ன செய்வது? அதற்குத் தனி வளையம் வாங்க வேண்டும். சிங்க்கைத் தட்டிப் பார்த்துத் தகர டப்பா மாதிரிச் சத்தம் வந்தால், மெஷினோடு சிங்க்கையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையென்றால் ஓடும்போதெல்லாம் மேடையில் இருக்கிற டம்ளர் ஆடும்.

அரைத்தது எங்கே போகிறது என்று பார்க்காமல் மாட்டுவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் மாட்டிய முதல் மெஷின் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில். அத்தானிடம் கூலிகூட வாங்கவில்லை. வைகாசியில் மாட்டினேன், ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டேன். சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை, குமிழி குமிழியாக மேலே வந்தது. அங்கணத்தில் நிற்க முடியாத நாற்றம். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றினேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் புறவாசலுக்குப் போனேன். அந்த வீட்டில் கக்கூஸ் மட்டும் செப்டிக் டேங்கில் போகிறது. அடுக்களைத் தண்ணீருக்குத் தென்னை மரத்தடியில் உறை இறக்கிய குழி. மூடியைத் தூக்கினால், ஒரு சாண் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் களி. விரலால் வழித்துப் பார்த்தேன்: சொதி வைத்த தேங்காய்ச் சக்கை, சோற்று மாவு, எண்ணெய்ப் பிசுக்கு. அடியில் கிடந்த ஜல்லிக்கல் ஒவ்வொன்றும் மாவில் முக்கியெடுத்த பஜ்ஜி போல இருந்தது. தண்ணீர் எப்படி உறிஞ்சும்?

அக்கா பின்னாலேயே வந்து நின்று கேட்டாள், "ஏல, குப்பைய ஒழிக்க மெஷின் தந்தியா, சேத்து வைக்கத் தந்தியா?" அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. வேறு இடத்தில் புதுக் குழி தோண்டி, உறை இறக்கி, பைப்பைத் திருப்பிவிட மெஷின் விலையைவிடக் கூடுதலாக ஆனது. அது என் காசு.

"அரைச்சா தண்ணியாப் போயிரும்" என்று விற்பவர்கள் இன்றைக்கும் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உளுந்தை அரைத்தால் தண்ணீரா வருகிறது, மாவுதானே வருகிறது? அந்த மாவு எங்கேயாவது போய் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவில் ரசீன் என்ற ஊரில் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-இல் இந்த மெஷினைச் செய்தார். தெருவுக்கடியில் சாக்கடை ஓடுகிற ஊர்களில் பரவிய சாமான் இது. அப்படிச் சாக்கடை உள்ள நியூயார்க்கே பைப் தாங்குமா என்று பயந்து, நகரத்தின் பெரும்பகுதியில் பல வருடம் தடை போட்டு வைத்திருந்தது. 1997-இல்தான் எடுத்தார்கள். நாம் தென்னை மரத்தடிக் குழியை நம்பி மாட்டுகிறோம்.

நான் இப்போது செய்வது இதுதான். அரை வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைக் கால் பாட்டில் கலந்து சிங்க்கில் ஊற்றிவிட்டு, வெளியே இருக்கிற சேம்பர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். எந்த மூடிக்கடியில் நீலம் வருகிறதோ அதுதான் வழி. வீட்டுக்காரர் சொல்வதை நம்ப மாட்டேன். கட்டியவர் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார்.

பாதாளச் சாக்கடை இணைப்பில் நீலம் வந்தால் தாராளமாக மாட்டலாம். மாநகராட்சிக்குள்ளேயே எல்லாத் தெருவுக்கும் அது கிடையாது, விசாரித்துக்கொள்ளுங்கள். செப்டிக் டேங்கில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அரைத்த கசடு அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், முன்பைவிடச் சீக்கிரம் லாரியைக் கூப்பிட வேண்டிவரும். சின்ன டேங்க் என்றால் வேண்டாம். உறிஞ்சுகுழி என்றால் மாட்டவே மாட்டேன். வாறுகால், அதாவது தெருவோரத் திறந்த சாக்கடை என்றால் அதைவிட மோசம். நம் ஊரில் பல வாறுகால்கள் கடைசியில் கால்வாயிலோ ஆற்றிலோதான் விழுகின்றன. உங்கள் வீட்டுப் பழைய சாம்பார் தாமிரபரணிக்கு எதற்கு?

மாடு இருக்கிற வீட்டுக்கும் நான் மாட்டுவதில்லை. கழனித்தொட்டிக்கு மேல் என்ன மெஷின் வேண்டும்?

அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி அனுப்பியது

அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் இண்டக்‌ஷன் மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். இங்கே விற்பதை வாங்குங்கள். நாலு பேர் வீட்டுக்கு அரை ஹெச்பி போதும். எர்த் இல்லாத பிளக்கில் சொருகாதீர்கள், ஈரத்தில் நின்று தொடுகிற சாமான்.

சுவரில் பைப் உயரமாக இருப்பது

மேடை 32 அங்குலம், சிங்க் 9 அங்குல ஆழம், அதற்கும் கீழே ஏறக்குறைய 6 அங்குலத்தில் மெஷினின் வெளிவாய். சுவர் பைப் அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது.

நெளி ஹோஸ்

கழற்றி எறியுங்கள். ஒவ்வொரு நெளிவிலும் சக்கை தங்கும்.

வெந்நீர், வடித்த கஞ்சி

அரைக்கும்போது பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீரில் நெய் உருகிப் போய், தள்ளி எங்கேயாவது உறையும். அரைத்து முடித்தும் கால் நிமிடம் தண்ணீர் ஓடட்டும்.

வாழைத்தண்டு நார், முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்குத் தும்பு

போடாதீர்கள். உள்ளே பிளேடு கிடையாது. சுற்றும் தட்டு கழிவை வளையத்தில் மோதித் தேய்க்கிறது. நார் சுற்றிக்கொள்ளும்.

தாழையூத்து வீட்டில் மெஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, பழைய கப்ளிங்கையே மாட்டிக் கொடுத்தேன். காய்கறித் தோல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகிறது. அந்தத் தம்பிகளையும் கூப்பிட்டு நீலம் கலக்கும் வித்தையைச் சொன்னேன். நேற்று ஒருவன் போன் செய்தான். "அண்ணாச்சி, ரெண்டு மூடியிலயும் நீலம் வருதே, என்ன செய்ய?"

"அப்படியே நில்லுடே, வாரேன்" என்று வண்டியை எடுத்தேன்.