பாலிகார்பனேட்டை ஆவியில் மெருகேற்றுவது எப்படி?

மில்லிங் மெஷினிலிருந்து இறக்கிய பாலிகார்பனேட் (கண்ணாடிபோல் தெளிந்த, உறுதியான பிளாஸ்டிக்) கட்டை பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கலாக இருக்கும். கட்டர் போன தடங்கள் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம். வெளிப்பக்கத்தைப் பஃபிங் சக்கரத்தில் பிடித்துத் தெளிய வைத்துவிடலாம். 6 மி.மீ. துளையின் உட்சுவருக்குள் சக்கரம் போகாது, ஆவி போகும். உள்ளே திரவம் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டிய மேனிஃபோல்டு கட்டைகளுக்கு (திரவம் பிரிந்து ஓடத் துளைவழிகள் குடைந்த கட்டைகள்) இந்த முறை பொருந்துவது அதனால்தான்.

இதற்குப் பயன்படுவது மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் திரவம். கடைகளில் எம்.டி.சி. என்பார்கள். சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதன் ஆவி கட்டையில் படிந்து மேல்தோலை மட்டும் இளக்கும். இளகிய பிளாஸ்டிக் நுண்கீறல்களை நிரவிக்கொண்டு மறுபடி இறுகும்.

முதலில் பாதுகாப்பு

இந்த ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். மூச்சில் போனால் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். வாடை தெரிகிறது என்றாலே பாதுகாப்பான அளவைத் தாண்டிவிட்டது. பொதுமக்கள் இதைப் பயன்படுத்துவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் தடைசெய்தது. வெளியேற்றும் விசிறி சரியாக வேலை செய்யும் ஃபியூம் ஹுட் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கரிப்பொதி மாட்டிய முகமூடியை நம்பக் கூடாது, அது சீக்கிரமே இந்த ஆவியை விட்டுவிடும். நீல நைட்ரைல் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பாலிவினைல் ஆல்கஹால் கையுறையோ பல அடுக்கு லேமினேட் கையுறையோ வேண்டும். பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீர் பட்டால் கரையும் என்பதையும் மறக்காதீர்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. இந்த ஆவி எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் சுடரில் பட்டால் பாஸ்ஜீன் போன்ற நச்சு வாயுக்களாகச் சிதையும்.

கட்டையைத் தயார் செய்தல்

பாதிக்கு மேல் வேலை இங்கேதான். கட்டர் போட்ட ஆழமான வரியை ஆவி நிரவாது, அந்த வரியையே பளபளப்பாக்கிக் காட்டும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 220, 320, 400, 600 என்று வரிசையாகத் தேய்க்கவும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை 90 டிகிரி திருப்பினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். 600 முடிந்ததும் முகம் முழுக்க ஒரே சீரான மங்கலாக இருக்க வேண்டும். துளைக்குள் மெல்லிய குச்சியில் அதே தாளைச் சுற்றித் தேய்க்கலாம்.

பிறகு மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும். அசிட்டோன் வேண்டாம், பாலிகார்பனேட்டில் அது வெடிப்பு விழவைக்கும். கைரேகை பட்ட இடம் ஆவிக்குப் பிறகு கறையாகத் தெரியும்.

அடுத்தது அனீலிங், அதாவது சூடேற்றி மெதுவாக ஆறவிடுதல். மெஷினில் வெட்டும்போது பிளாஸ்டிக்குக்குள் இறுக்கம் தங்கிவிடும். அப்படியே கரைப்பானைக் காட்டினால் மயிரிழை வெடிப்புகள் விழும். 12 மி.மீ. கட்டையை 120–125 டிகிரி ஓவனில் 2 மணி நேரம் வைத்து, ஓவனுக்குள்ளேயே மெதுவாக ஆறவிடுங்கள். பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். சூடான கட்டையில் ஆவி படியாது. கொதிக்கும் சோற்றுப்பானையின் மூடி ஆறியிருந்தால்தானே நீர் கோத்துக்கொள்ளும், அதே கதைதான்.

ஆவி காட்டுதல்

1. ஹுட்டுக்குள் ஸ்டீல் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் அடியில் ஒரு விரற்கடை அளவு எம்.டி.சி. ஊற்றி, 45–50 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைக்கவும். அலுமினியப் பாத்திரம் கூடாது, இரண்டும் வினைபுரியும்.

2. முதலில் அதே தகட்டில் வெட்டிய துண்டில் சோதிக்கவும். 2–3 வினாடி போதுமா, கூடுதல் வேண்டுமா என்பதை அந்தத் துண்டு சொல்லிவிடும்.

3. கட்டையைக் கம்பியில் மாட்டி ஆவிக்குள் இறக்கவும். திரவத்தைத் தொடக் கூடாது. மங்கல் முகம் ஈரமானதுபோல் கருத்து, ஒரு நொடியில் தெளியும். அந்த நொடியிலேயே தூக்கிவிடுங்கள். சொட்டு திரண்டு வழியத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது, கூர்விளிம்பும் பொறித்த எழுத்தும் மழுங்கும்.

4. எதிலும் படாமல் தொங்கவிட்டு 24 மணி நேரம் விட்டுவிடவும். பிறகு 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் உள்ளே தங்கிய கரைப்பான் வெளியேறும். அவசரப்பட்டு ஒரேயடியாகச் சூடேற்றினால் குமிழி எழும்.

எங்கே கெடுகிறது

வெள்ளையாகப் பூத்துப்போவதுதான் அடிக்கடி வரும் தொல்லை, அதுவும் சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மழைக்காலத்தில். கரைப்பான் பறக்கும்போது மேல்தோல் சில்லென்று குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஏ.சி. அறையில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுச் செய்தால் வராது.

மறுபக்கம் திறக்காத அடைப்புத் துளையில் ஆவி தேங்கி, அடியில் திரவம் குளம்கட்டி உருக்கிவிடும். அத்தகைய கட்டையைத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். திருகுமரைகளை முன்கூட்டியே ஸ்டீல் போல்ட்டால் அடைத்துவிட வேண்டும். பூத்த கட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 600 தாளில் மறுபடி தேய்த்து, அனீலிங்கிலிருந்து தொடங்கலாம். வெடிப்பு விழுந்த கட்டை மட்டும் திரும்பி வராது.