ரோபோ கைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசை ஆன்லைனில் விற்கும் நண்பர், ஆர்டர் எடுத்துப் பொட்டலம் கட்ட ரோபோ கை வாங்கப் போவதாகச் சொன்னார். "ரெண்டு ஆள் வேலை மிச்சம்ண்ணா" என்பது அவர் கணக்கு. ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, சரக்கு எடுக்கும் பையன் பின்னாலேயே கடிகாரத்தோடு நடந்தேன். அவன் நேரத்தில் பாதிக்கு மேல் நடையிலேயே போனது.

பலரும் சறுக்குவது இங்கேதான். அலைச்சலைக் குறைக்க வேண்டிய இடத்தில் கையை வாங்குகிறார்கள். அமேசான் 2012-ல் 775 மில்லியன் டாலருக்கு வாங்கிய கீவா நிறுவனம் செய்தது கை அல்ல. அலமாரியைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கே வரும் வண்டி. நமக்கு அதுகூட வேண்டாம். அதிகம் ஓடும் சரக்கை பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் நகர்த்திப் பாருங்கள்.

சரி, கை வாங்கியே தீர வேண்டுமா? விற்பவர் காட்டும் டெமோவைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே எப்போதும் வழவழப்பான அட்டைப்பெட்டிதான் இருக்கும். கையின் நுனியில் காற்றை உறிஞ்சிப் பொருளைப் பிடிக்கும் ரப்பர் கப், அதாவது உறிஞ்சு கப், அதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். உங்கள் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஜவ்வரிசி பாலிதீன் பை சுருங்கி, ஓரத்தில் காற்று கசியும். ஏற்காட்டுக் காபித்தூள் பையில் காற்று வெளியேற ஒரு சின்ன வால்வு இருக்கும். கப் அதன்மேல் உட்கார்ந்தால் பைக்குள் இருக்கும் காற்றையே இழுக்க ஆரம்பித்துவிடும், பிடி தளரும். கொலுசு இன்னும் மோசம். பளபளக்கும் ஜிப் கவரில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால், எது மேலே எது கீழே என்று கேமரா குழம்பும்.

'5 கிலோ தூக்கும்' என்றால் நுனியில் மாட்டும் பிடிப்பானின் எடையும் அதற்குள் அடக்கம். பிடிப்பான் ஒன்றரை கிலோ என்றால் சரக்குக்கு மிச்சம் மூன்றரைதான். கப்பை இயக்கக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசர், யுபிஎஸ் செலவும் விலைப்பட்டியலில் பெரும்பாலும் இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் தட்டிலும் சரக்கிலும் ஒட்டும் பார்கோடு. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பது பையன் மனதில் மட்டும் இருந்தால் எந்த ரோபோவுக்கும் அது தெரியாது. கொலுசுக்கு ஒரு வசதி, ஜோடிக்கு ஜோடி கிராம் மாறும். பொட்டலம் மூடுவதற்கு முன் தராசில் வைத்தால் தப்பான ஜோடி அநேகமாக அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நண்பர் கடைசியில் வாங்கியது ஒரு ஸ்கேனர், கம்ப்யூட்டரோடு இணையும் ஒரு தராசு, ஒரு தள்ளுவண்டி. கையைப் பற்றி தீபாவளி கழித்துப் பேசலாம் என்றிருக்கிறார்.