பல யூஎஸ்பி மைக்குகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்காஸ்ட் தொடங்குபவர்களில் பலர் முதலில் ஒரு யூஎஸ்பி மைக்கை வாங்குகிறார்கள். அது திருப்தியாக அமைந்துவிட்டால், விருந்தினருக்கென்று அதே மாடலில் இன்னொன்றையும் வாங்கி, கணினியில் காலியாக இருக்கும் போர்ட்டில் செருகிவிடுகிறார்கள். அதன்பின் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்கும் தனக்குள் ஒரு முழு சவுண்ட் கார்டையே கொண்டிருக்கிறது. ஒலியை எண்களாக மாற்றும் சில்லும், அந்தச் சில்லின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிளாக்கும் மைக்கின் உள்ளேயே இருக்கின்றன. இரண்டு மைக்குகளைச் செருகினால் கணினிக்கு இரண்டு தனித்தனி சவுண்ட் கார்டுகள் வந்து சேர்கின்றன. அவற்றின் கிளாக்குகளுக்கிடையே எந்த ஒத்திசைவும் கிடையாது.

இதைக் கவனிக்காமல் விடுவதே மிகப் பெரிய தவறு. 48,000 ஹெர்ட்ஸ் என்று இரண்டு மைக்குகளிலும் குறிப்பிட்டிருந்தாலும், உண்மையில் ஒன்று நொடிக்கு 48,000 சாம்பிள்களும் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்) மற்றொன்று அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ அனுப்பும். இந்த வேறுபாடு பத்து லட்சத்தில் 50 பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரப் பதிவின் முடிவில் இரண்டு ட்ராக்குகளும் (ஒவ்வொரு மைக்கின் தனிப் பதிவும்) 180 மில்லி நொடி விலகி நிற்கும். ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசும்போது ஒருவர் குரல் இரண்டு மைக்குகளிலும் விழுவதால், தொடக்கத்தில் தெளிவாக இருக்கும் பேச்சு சில நிமிடங்களில் குழாய்க்குள் பேசுவதுபோல் ஒலிக்கத் தொடங்கி, கடைசியில் வெளிப்படையான எதிரொலியாகவே மாறிவிடும். இரு மைக்குகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும் குரல் ஒரு மில்லி நொடி விலகினாலே 500 ஹெர்ட்ஸ் பகுதியில் பெரிதும் மங்கிவிடுகிறது. பேச்சின் கனம் இருக்கும் இடம் அதுதான். இதை அறையின் எதிரொலி என்று நினைத்துச் சுவரெங்கும் ஃபோம் ஒட்டுவது வீண் செலவு.

பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, எடிட்டிங்கில் அந்தக் கூர்முனைகளை நேர்ப்படுத்திவிட்டால் போதும் என்ற எண்ணமும் தவறானது. தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலுமாக மூன்று முறை தட்ட வேண்டும். முதல் தட்டலை நேர்ப்படுத்திய பிறகு அரை மணி நேரப் பதிவின் கடைசித் தட்டலில் 90 மில்லி நொடி இடைவெளி தெரிந்தால், நடுத் தட்டலில் சுமார் 45 மில்லி நொடி தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் அது கிளாக் வேறுபாடு. ஒரு ட்ராக்கை 0.005 சதவீதம் நீட்டினாலோ குறுக்கினாலோ முழுப் பதிவும் பொருந்திவிடும். நடுவில் ஒன்றுமில்லாமல் கடைசியில் மட்டும் இடைவெளி இருந்தால், இடையில் எங்கோ சாம்பிள்கள் தொலைந்திருக்கின்றன என்று பொருள். அப்போது நீட்டிப் பார்ப்பது சரியாக இருந்த பகுதியையும் கெடுத்துவிடும். விடுபட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, ட்ராக்கை அங்கே வெட்டித்தான் நகர்த்த வேண்டும்.

மென்பொருள் பற்றிய தவறான எதிர்பார்ப்பும் பலரை அலைக்கழிக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்து மட்டுமே பதிவு செய்யும். அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் இரண்டாவது மைக்கைச் சேர்க்க வழி கிடைக்காது. மேக் கணினியில் உள்ள ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற செயலி வழியாகப் பல கருவிகளை இணைத்து ஒரே கருவியாகக் காட்டலாம். ஆனால் ஒரு மைக்கைக் கிளாக்குக்கு ஆதாரமாகத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றுக்கு ‘ட்ரிஃப்ட் கரெக்ஷன்’ (விலகல் திருத்தம்) பெட்டியை டிக் செய்யாமல் விட்டால், மேலே சொன்ன விலகல் அப்படியே இருக்கும். விண்டோஸில் ஆஸியோ4ஆல் என்ற ஒலி டிரைவர் மென்பொருள் பல கருவிகளை ஒன்றாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆயினும் அவை ஒரே கிளாக்கில் ஓடினால்தான் விலகாமல் இருக்கும் என்பதால், யூஎஸ்பி மைக்குகளுக்கு அது முழுத் தீர்வாகாது. ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற பதிவு மென்பொருள் பல மைக்குகளை ஏற்று ஆறு ட்ராக்குகள் வரை தனித்தனியே பதிவு செய்யக்கூடியது என்றாலும், தொடக்கத்தில் ஒவ்வொரு மைக்கும் ஆறு ட்ராக்குகளுக்கும் டிக் செய்யப்பட்டே இருக்கும். அதை மாற்றாமல் பதிவு செய்தால், எந்த ட்ராக்கைத் திறந்தாலும் எல்லாக் குரல்களும் கலந்தே கேட்கும். பிறகு பிரிக்க முடியாது.

ஒரே மாடல் மைக்குகள் பட்டியலில் ஒரே பெயரில் தோன்றுவதால் எது யாருடையது என்ற குழப்பம் எழும். விண்டோஸின் ஒலி அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இட்டு, எந்த மைக் எந்த போர்ட் என்பதை மாற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது. பதிவுக்கு முன் ஒவ்வொரு மைக்கையும் விரலால் லேசாகத் தட்டி, மென்பொருளில் எந்த ஒலி அளவு மீட்டர் அசைகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

எல்லா மைக்குகளையும் தனி மின்னிணைப்பு இல்லாத ஒரு சிறிய ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் கருவி) செருகுவதும் ஆபத்தானது. யூஎஸ்பி 2.0 தரத்தின்படி ஒரு போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியரை அந்த ஹப்பும் மைக்குகள் அனைத்தும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கோப்பை நகலெடுக்கும்போது தவறிய தரவு மீண்டும் அனுப்பப்படும். ஒலிக்குப் பயன்படும் பரிமாற்ற முறையிலோ தவறியது தவறியதுதான், அது ‘டிக்’ என்ற வெடிப்பாகவோ விடுபட்ட அசையாகவோ பதிவில் நிலைத்துவிடும். மைக்குகளைக் கணினியின் போர்ட்டுகளிலேயே நேரடியாகச் செருகுங்கள். போதாவிட்டால் தனி அடாப்டர் உள்ள ஹப்பைப் பயன்படுத்துங்கள்.

சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை சாம்பிள்கள் என்ற கணக்கு, எல்லா மைக்குகளிலும் மென்பொருளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 44,100 ஹெர்ட்ஸில் எடுத்ததை 48,000 ஹெர்ட்ஸ் என்று எண்ணி ஒலிக்கச் செய்தால் குரல் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (அடுத்தடுத்த இரு சுரங்களுக்கிடையேயான மிகச் சிறிய படி) உயர்ந்து கேட்கும்.

இரண்டு பேருக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யப்போகிறவர்கள் மூன்றாவது யூஎஸ்பி மைக்கை வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பெரிங்கர் யுஎம்சி404ஹெச்டி போன்ற நான்கு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (பல மைக்குகளை ஒரே யூஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணைக்கும் பெட்டி) ஒன்றில் எல்லா மைக்குகளும் ஒரே கிளாக்கில் ஓடுவதால், விலகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்ற மைக்குகளில் யூஎஸ்பியோடு, இன்டர்ஃபேஸில் செருக உதவும் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் இருப்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் மைக்கை மாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் யூஎஸ்பி வசதி உள்ள மிக்சரை (பல ஒலிகளைக் கலக்கும் கருவி) வாங்கும்போது ஏமாந்துவிடக் கூடாது. யமஹா எம்ஜி10எக்ஸ்யு போன்றவற்றில் எத்தனை மைக்குகளைச் செருகினாலும், கணினிக்குப் போய்ச் சேர்வது அனைத்தும் கலந்த ஒரு ஸ்டீரியோ ஜோடி மட்டுமே. ஆகவே முன்பக்கத்தில் எத்தனை மைக் துளைகள் இருக்கின்றன என்று எண்ணுவதை விட்டு, விவரப் பட்டியலில் யூஎஸ்பி வழியே கணினிக்குச் செல்லும் சேனல்கள் எத்தனை என்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.