இரவில் மட்டும் இரட்டிப்பான நாடித்துடிப்பு
லேப்டாப் கேமராவை வைத்து, தொடாமலே நாடித்துடிப்பை அளக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். ஒவ்வொரு துடிப்புக்கும் முகத்தில் ரத்தம் கூடிக் குறையும். ரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், நெற்றியின் பச்சை அளவு லேசாக ஏறி இறங்கும். பகலில் சரியாகவே காட்டியது. இரவில் அம்மாவை உட்கார வைத்தால் 144! பதறிப்போய் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன்: நாடி 72.

சரியாக இரண்டு மடங்கு, அதுதான் துப்பு. வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாகவே நொடிக்கு 30 படத்திலிருந்து 15க்கு இறங்கியிருக்கிறது. என் கணக்கோ 30 என்றே நம்பி, இரண்டு நொடியில் வந்த துடிப்புகளை ஒரே நொடியில் வந்ததாக எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படமும் பதிவான நேரத்தையே எடுத்துக் கணக்கிட்டேன். அப்புறம் வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா தன்னையே மாற்றிக்கொள்ளும் தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்தி, மேசை விளக்கை அம்மா பக்கம் திருப்பினேன்.

"கண்ணு கூசுதுடா" என்றார். திரையில் 73.